உங்கள் நேரம், எங்கள் உயிர்

ஒரு சட்டத்தின் பெயரிலிருந்து தொடங்குவோம். ‘நெரிசலைக் குறைத்து உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும் சட்டம்’ என்பது அதன் பெயர். கனடாவின் ஒன்ராறியோ மாகாண அரசு 2024 ஒக்ரோபர் 21 அன்று சட்டமன்றத்தில் முன்வைத்து, நவம்பர் 25 அன்று நிறைவேற்றிக்கொண்ட 212ஆம் இலக்கச் சட்டமூலத்தின் ஆங்கிலப் பெயரைத் தமிழில் இவ்வாறுதான் பெயர்க்க முடியும். சட்டங்களின் பெயர்கள் படர்க்கையில் அமைவதே வழக்கம். கல்விச் சட்டம், காணிச் சட்டம், நெடுஞ்சாலைச் சட்டம் என்பனவே நாம் அறிந்த பெயர்கள். முன்னிலையில் வந்து ‘உங்கள்’ என்று உறவுகொண்டாடுவது விளம்பரத்தின் மொழி. ஒரு சட்டம் அம்மொழியைப் பேசத் தொடங்கினால், அது யாருக்கு எதை விற்கிறது, விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பது மொழி கற்றவர்களுடைய கடமை.

அச்சட்டம் பல காரியங்களைச் செய்தது. 413ஆம் நெடுஞ்சாலைத் திட்டத்தைச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டுச் சட்டத்திலிருந்து விடுவித்தது அவற்றுள் ஒன்று. நம் விவாதத்துக்குரியவை இரண்டு. முதலாவது, மாகாணத்தின் எந்த மாநகரசபையும் கார்களுக்கான தடமொன்றை எடுத்துச் சைக்கிள் தடம் அமைக்க விரும்பினால், மாகாணப் போக்குவரத்து அமைச்சின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்று விதித்தது. இரண்டாவது, ரொறன்ரோ மாநகரில் புளோர் வீதி, யங் வீதி, யூனிவேர்சிற்றி அவெனியூ ஆகிய மூன்றிலும் ஏற்கெனவே இருந்த சைக்கிள் தடங்களைப் பெயர்த்தெடுக்கப் பணித்தது. மூன்றும் சேர்ந்து சுமார் 19 கிலோமீற்றர். இவை ஓர் இரவில் யாரோ வண்ணம் பூசிவிட்டுப் போனவை அல்ல. புளோர் வீதித் தடம் 2016இல் 2.4 கிலோமீற்றர் நீளப் பரீட்சார்த்த முயற்சியாகத் தொடங்கி, ஓராண்டுக்கு மேல் அளந்து பார்க்கப்பட்டு, 2017 நவம்பரில் மாநகரசபையின் வாக்கெடுப்பால் நிலைபெற்றது. மற்ற இரு வீதிகளின் தடங்களும் பெருந்தொற்றுக் காலத்தில் தற்காலிகமாக வந்து, பின்னர் வாக்கெடுப்பின் மூலமே நிரந்தரமாயின.

இலக்கியம் பேசும் இடத்தில் சைக்கிள் பாதைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். ஒரு நகரத்தில் யார் அச்சமின்றி நடமாடலாம், யார் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடமாட வேண்டும் என்பது இலக்கியத்துக்குப் புறம்பான கேள்வி அன்று. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. இச்சட்டம் வந்தபோது நம்மவர்களிற் பலர் கைதட்டினார்கள். திருமண மண்டபங்களிலும் கோயில் வாசல்களிலும் கேட்ட குரல் ஒன்றுதான்: “சரியாத்தான் செய்யிறான். ஒருத்தரும் ஓடாத பாதைக்கு எதுக்கு இவ்வளவு இடம்?” அந்தக் கைதட்டலோடு வாதிடவே இக்கட்டுரை.

*

முதலில் அச்சட்டத்தின் ஒரு மூலையை மட்டும் பார்ப்போம்.

2024 நவம்பரில், சட்டமூலம் குழுநிலையில் இருந்தபோது, அரசு ஒரு திருத்தத்தைச் சேர்த்தது. சைக்கிள் தடங்கள் அகற்றப்பட்டதன் விளைவாக எவரேனும் காயமுற்றாலோ உயிரிழந்தாலோ, அதற்காக அரசின்மீது நட்டஈட்டு வழக்குத் தொடர முடியாது என்பது அத்திருத்தத்தின் சாரம்.

வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். தடங்களை அகற்றுவதால் எவருக்கும் கேடில்லை என்று அரசு மெய்யாகவே நம்பியிருந்தால், இப்படியொரு வாசகம் எதற்கு? சமையலில் குறையில்லை என்று சத்தியம் செய்யும் கடைக்காரர், சாப்பிட்டபின் வரும் வயிற்றுவலிக்குத் தாம் பொறுப்பல்ல என்று வாசலில் பலகையும் மாட்டிவைத்தால், அந்தக் கடையில் நாம் இலை போட்டு உட்காருவோமா? மேடையிற் பேசும்போது நேரத்தைப் பற்றிப் பேசினார்கள். சட்டத்தின் உட்பிரிவை எழுதும்போது சாவைப் பற்றி எழுதினார்கள். ஓர் அரசு தன் மனத்தில் உள்ளதை எங்கே சொல்கிறது என்று அறிய விரும்புபவர்கள், மேடைப் பேச்சை விட்டு உட்பிரிவைப் படிக்க வேண்டும்.

அந்தச் சாவு கற்பனையும் அன்று. 2024ஆம் ஆண்டில் ரொறன்ரோ வீதிகளில் சைக்கிளோட்டிகள் ஆறுபேர் இறந்தார்கள். அவர்களில் ஓர் இளம்பெண் ஜூலை மாதத்தில் புளோர் வீதியில் இறந்தார். அங்கே சைக்கிள் தடம் இருந்தது. ஆனால் அந்தத் தடத்தின்மீது கட்டுமானக் குப்பைத்தொட்டி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றிப் போவதற்காக வாகனங்களின் தடத்துக்குள் இறங்கிய அவரைக் கனரக வாகனம் மோதியது. தடம் இல்லாத சில மீற்றர் தூரம் என்ன செய்யும் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அது நடந்து மூன்று மாதங்கள் கழித்து, 19 கிலோமீற்றரையும் அந்தச் சில மீற்றரைப் போல ஆக்குவதற்கான சட்டமூலம் சட்டமன்றத்துக்கு வந்தது.

*

நெரிசல் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. ரொறன்ரோவில் கார் ஓட்டுகிற எவரும் அதை மறுக்கமாட்டார். மாலை ஐந்து மணிக்கு நகர மையத்திலிருந்து ஸ்காபரோவுக்குத் திரும்புகிறவரின் எரிச்சலை நாம் எள்ளி நகையாடவில்லை. நம் கேள்வி வேறு. அந்த நெரிசலுக்கும் இந்தத் தடங்களுக்கும் என்ன தொடர்பு?

நகர வீதியொன்றின் கொள்ளளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதன் அகலமன்று, சந்திகள். சந்தியில் பச்சை விளக்கு எரியும் நேரத்துக்குள் எத்தனை கார்கள் கடக்கின்றன, இடப்பக்கம் திரும்பக் காத்திருப்பவை எத்தனை, ஓரமாக நிறுத்திப் பொருள் இறக்கும் பாரவண்டிகள் எத்தனை என்பவைதாம் வேகத்தை முடிவுசெய்கின்றன. நடுவில் ஒரு தடத்தைக் கூட்டினால் அடுத்த சந்தியில் நிற்கும் வரிசை சற்று அகலமாகும், அவ்வளவுதான். அதுவும் சில காலத்துக்கே. இடம் பெருகினால் அந்த இடத்தை நிரப்பக் கார்களும் பெருகும் என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்க நகரங்களின் நெடுஞ்சாலைகளை ஆராய்ந்து, தடங்கள் எந்த விகிதத்தில் கூடுகின்றனவோ அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் கூடுகிறது என்று 2011இல் எழுதிய பொருளியலாளர்கள் ஜில் டுராந்தனும் மத்தியூ ரேணரும் அன்று பணியாற்றியது ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில். மாகாணச் சட்டமன்றத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த அறிவை எட்டிப் பார்க்க ஆட்சியாளருக்கு மனமில்லை. சான்று வேண்டுமென்றால் நகரின் வடக்கே செல்லும் 401ஆம் நெடுஞ்சாலையைப் பார்க்கலாம். சில இடங்களில் அதற்குப் பதினெட்டுத் தடங்கள். ஒரு சைக்கிளுக்கும் அங்கே அனுமதியில்லை. அதில் நெரிசல் தீர்ந்துவிட்டதா? தீர்ந்திருந்தால், அந்நெடுஞ்சாலைக்குக் கீழே சுரங்கம் தோண்டும் திட்டத்தை முதல்வர் டக் ஃபோர்ட் 2024 செப்ரெம்பரில் அறிவித்திருக்கத் தேவையில்லை.

“யார் சைக்கிளில் போகிறார்கள், வெறும் 1.2 சதவீதம்” என்று அரசுத் தரப்பு மீண்டும் மீண்டும் சொன்னது. அந்த எண்ணின் பிறப்பைப் பார்க்க வேண்டும். அது 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. ரொறன்ரோ நகரத்துக்கு மட்டும் உரியதன்று, மிசிசாகா, பிரம்ரன் உள்ளிட்ட பரந்த பெருநகர வலயம் முழுவதற்கும் உரியது. வேலைக்குச் செல்லும் பயணங்களை மட்டுமே கணக்கில் எடுத்தது. புளோர் வீதித் தடம் வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முந்திய எண்ணைக் கொண்டு, புளோர் வீதித் தடத்தால் பயனில்லை என்று நிறுவினார்கள். பாலம் கட்டுவதற்கு முன் ஆற்றை நீந்திக் கடந்தவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, பாலம் தேவையில்லை என்று முடிவு சொல்வது போன்றது இது. நகரின் பொதுச் சைக்கிள் பகிர்வுத் திட்டத்தில் மட்டும் 2024இல் 60 இலட்சத்துக்கும் அதிகமான பயணங்கள் பதிவாயின.

செலவைப் பார்ப்போம். இத்தடங்களை அமைக்க மாநகரசபை 27 மில்லியன் டொலர் செலவிட்டிருந்தது. அவற்றை அகற்ற 48 மில்லியன் டொலர் ஆகும் என்று மாநகர அலுவலர்கள் மதிப்பிட்டார்கள். கட்டியதற்கான செலவைக் காட்டிலும் இடிப்பதற்கான செலவு கூடுதல். வரிப்பணத்தை மிச்சம்பிடிப்பதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்தவர்களின் கணக்கு இது.

நெரிசலின் மெய்யான காரணங்களைத் தேடுபவர்கள் எக்ளின்ரன் வீதிக்குப் போயிருக்கலாம். 2011இல் பணி தொடங்கி, 2020இல் ஓடும் என்று சொல்லப்பட்ட அந்த இலகு ரயில், 2025ஆம் ஆண்டு முடியும்வரை ஒரு பயணியையும் ஏற்றவில்லை. பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரு பெரும் வீதியைக் கிண்டிப்போட்ட அத்திட்டத்தின் பொறுப்பு மாகாண அரசின் நிறுவனத்திடம் இருந்தது. தன் முற்றத்தில் கிடந்த மரக்கட்டையை அகற்ற முடியாதவர், அயல்வீட்டு முற்றத்தில் நின்ற பூஞ்செடியைப் பிடுங்கப் புறப்பட்டார்.

*

இனி அதிகாரத்தின் கதை. இதுவே இவ்விவாதத்தின் நடுமையம்.

கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, உள்ளூராட்சி அமைப்புகளை மாகாணத்தின் அதிகாரத்துக்குள் வைத்திருக்கிறது. மாநகரசபை மாகாணத்தின் படைப்பு. படைத்தவர் அதை மாற்றவும் வல்லவர். 2018இல் ரொறன்ரோ மாநகரசபைத் தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே, 47 ஆக இருக்கவேண்டிய வட்டாரங்களை 25 ஆக இதே அரசு குறைத்தது. 2021 ஒக்ரோபரில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே, “மாகாணத்துக்கு அதிகாரம் உண்டா?” என்று கேட்டால், உண்டு என்பதே விடை. அதை மறுத்துப் பயனில்லை.

ஆனால் அதிகாரம் உண்டு என்பதும், அந்த அதிகாரத்தைக் கொண்டு எதையும் செய்யலாம் என்பதும் வேறுவேறு. சைக்கிள் ரொறன்ரோ என்ற அமைப்பும் இரு தனிநபர்களும் வழக்குத் தொடுத்தார்கள். அவ்விருவரில் ஒருவர் மாணவி. மற்றவர் சைக்கிளில் பொருள் விநியோகித்துப் பிழைப்பவர். 2025 ஏப்ரலில் இடைக்காலத் தடையுத்தரவு கிடைத்தது. 2025 ஜூலை 30 அன்று ஒன்ராறியோ உயர் நீதிமன்ற நீதிபதி போல் ஷாபாஸ், தடங்களை அகற்றும் ஏற்பாடு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். உரிமைகள், சுதந்திரங்களுக்கான சாசனத்தின் 7ஆம் பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்புரிமையை அது மீறுகிறது என்றார்.

இத்தீர்ப்பைச் சிலர் திரித்தார்கள். சைக்கிள் பாதை ஓர் அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதாகக் கேலி பேசினார்கள். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. தடம் அமைத்துத் தரவேண்டிய கடமை அரசுக்கு உண்டு என்று அது கூறவில்லை. உள்ள பாதுகாப்பை அரசு வேண்டுமென்றே நீக்கி, அதனால் மக்கள் உயிருக்கு ஆபத்து விளையும்போது, சொல்லப்படும் நோக்கமாவது நிறைவேற வேண்டும் என்றது. அந்த நோக்கம் நிறைவேறும் என்பதற்குச் சான்றில்லை. அரசுக்கு வழங்கப்பட்ட ஆலோசனைகளே வேறு மாதிரிச் சொல்லின. கார்களுக்கு இடத்தைத் திருப்பிக் கொடுத்தால் மேலும் பலர் கார் ஓட்ட வருவார்கள், நெரிசல் குறையாது என்ற முடிவுக்கே சான்றுகள் இட்டுச்சென்றன. பலனில்லாத காரியத்துக்காக உயிரைப் பணயம் வைப்பது மனம்போன போக்கு. அதற்கு அரசியலமைப்பில் இடமில்லை. தீர்ப்பின் தருக்கம் இதுதான்.

அரசு மேன்முறையீட்டுக்குப் போனது. போகட்டும், அது அதன் உரிமை. ஆனால் அத்தோடு நிற்கவில்லை. 2025 ஒக்ரோபரில் 60ஆம் இலக்கச் சட்டமூலம் வந்தது. முன்னர் அமைச்சின் அனுமதி பெற்றுக் கார்த் தடத்தை எடுக்கலாம் என்றிருந்தது. இனிச் சைக்கிள் தடத்துக்காகக் கார்த் தடத்தை எடுக்கவே கூடாது என்றாயிற்று. அதே இலையுதிர்காலத்தில், பாடசாலைகளின் அருகே வேகத்தைக் கண்காணித்த தானியங்கிக் கமராக்களையும் மாகாணம் முழுவதும் தடை செய்தார்கள். அக்கமராக்கள் பாடசாலை வலயங்களில் வேகமீறலைப் பெரிதும் குறைத்தன என்று சிறுவர் மருத்துவமனை ஆய்வாளர்கள் எழுதியது அவ்வாண்டு ஜூலையில்தான். சைக்கிள் தடம், கமரா என்று இரண்டு செய்திகளாக இவற்றைப் படிக்கக்கூடாது. வீதியில் காரைச் சற்றே மெதுவாக்கும் எதையும் ஒரு மாநகரசபை செய்யக்கூடாது என்ற ஒரே கொள்கையின் இரண்டு பக்கங்கள் இவை.

இதற்கு எதிர்வாதம் உண்டு. “மக்கள்தானே 2025 பெப்ரவரியில் மூன்றாம் முறையாகப் பெரும்பான்மை கொடுத்தார்கள்? நீதிபதி யார் தடுக்க?” என்பார்கள். ரொறன்ரோவின் மேயரும் மாநகரசபை உறுப்பினர்களும் எங்கிருந்து வந்தவர்கள்? அவர்களையும் மக்களே தெரிந்தார்கள். குறிப்பாக, அந்த வீதிகளில் வாழும் மக்கள். ஒரு வீதியின் ஓரக்கல் எங்கே இருக்கவேண்டும் என்பதை, அவ்வீதியில் ஒருநாளும் நடக்காத தொகுதிகளின் உறுப்பினர்கள் கைதூக்கி முடிவுசெய்வதற்கு மக்களாட்சி என்று பெயர் சூட்டுவது அச்சொல்லை மலினப்படுத்துவதாகும்.

மாநகரசபை எப்போதும் சரியாகவே நடக்கும் என்றும் நாம் சொல்ல வரவில்லை. மேயர் றொப் ஃபோர்ட் காலத்தில், 2011 ஜூலையில், இதே மாநகரசபைதான் ஜார்விஸ் வீதித் தடங்களை அகற்ற வாக்களித்தது. அன்று மாநகரசபை உறுப்பினராக இருந்தவர் அவருடைய சகோதரர் டக் ஃபோர்ட். ஆயினும் அந்தத் தவறு அதே மன்றத்தில் திருத்தப்படக்கூடிய தவறு. அடுத்த தேர்தலில் வேறொருவரை அனுப்பி, வேறொரு வாக்கெடுப்பைக் கேட்கலாம். அகற்றியவர்கள் யார், யாரிடம் போய்க் கேட்பது என்பது தெரியும். மாகாணம் சட்டம் போட்டுக் கதவைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டபின், உள்ளூர் மன்றத்தில் முறையிடுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

*

இனி நம்மவர்களிடம்.

2011 ஜூலை வாக்கெடுப்பைப் பற்றிப் பேசுபவர்கள் ஜார்விஸ் வீதியோடு நின்றுவிடுகிறார்கள். அன்று அகற்றத் தீர்மானிக்கப்பட்டவை மேலும் இரண்டு: பேர்ச்மவுண்ட் வீதியிலும் பார்மசி அவெனியூவிலும் இருந்தவை. இரண்டும் ஸ்காபரோவில். தமிழ்க் கடைகளும் தமிழ் வீடுகளும் நிறைந்த அதே ஸ்காபரோவில். ஜார்விஸ் வீதிக்காக நகர மையத்தில் ஊர்வலம் போனார்கள். பேர்ச்மவுண்டுக்காக நம்மில் எவர் பேசினார்? நம் வீதியிலிருந்து ஒன்று பறிபோனது என்ற நினைவுகூட நமக்கு இல்லை. சைக்கிள் பாதை வெள்ளைக்காரரின் ஆடம்பரம், நகர மையத்துக் கணினிக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நாம் இன்று சொல்வதற்குக் காரணம், அது நம் பகுதியில் இல்லாமற் செய்யப்பட்டதே.

ஆடம்பரம் என்ற சொல்லைக் கவனிப்போம். துவிச்சக்கரவண்டி என்று பாடப்புத்தகத்தில் படித்து, சைக்கிள் என்று வாயாற் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். தொண்ணூறுகளின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையால் வடக்கில் பெற்றோல் அரிதாகிப்போன அந்த ஆண்டுகளில், யாழ்ப்பாணத்தைச் சுமந்தது சைக்கிள். மரக்கறி மூட்டையும் விறகும் சைக்கிளிற் போயின. நோயாளியைப் பின்னால் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மின்சாரமில்லாத வீட்டில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30இன் வலிகாம இடப்பெயர்வில் ஒரு வீட்டின் முழு வாழ்வையும் ஏற்றி உருட்டிச் சென்றதும் அந்தச் சைக்கிள்தான். அந்த மக்கள், முப்பது ஆண்டுகள் கழித்து, சைக்கிளை ஆடம்பரம் என்கிறார்கள்! ஏறிய ஏணியை மறப்பது மனித இயல்பு என்று விட்டுவிடலாம். அதே ஏணியில் இன்னொருவர் நிற்கும்போது அதைத் தட்டிவிடுகிறவர்களுக்குக் கைதட்டுவதை அப்படி விட்டுவிட முடியாது.

இன்று அந்த ஏணியில் நிற்பவர் யார்? பனி கொட்டும் சனவரி இரவில், முதுகில் உணவுப் பெட்டியோடு, மின்சைக்கிளில் போகும் இளைஞர்களைக் காணாதவர் இந்நகரில் உண்டா? பஞ்சாபிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படிக்க வந்து, கல்லூரிக் கட்டணத்துக்காக ஓடுபவர்கள் அவர்களுள் உண்டு. “பனிக்காலத்தில் யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்?” என்று கேட்டுக்கொண்டே கைபேசியில் கொத்துரொட்டி வரவழைத்து உண்கிறோம். கதவைத் தட்டிய அந்தப் பிள்ளை எதில் வந்தான் என்று பார்ப்பதில்லை. அவனுடைய பணியிடம் வீதி. அந்தப் பணியிடத்தின் பாதுகாப்புச் சாதனம் சைக்கிள் தடம்.

“சைக்கிள்காரர் வீதிக்கு என்ன வரி கட்டுகிறார்கள்?” என்பது அடுத்த கேள்வி. நகர வீதிகள் பெரும்பாலும் சொத்துவரியிலிருந்து பராமரிக்கப்படுகின்றன. சொந்த வீட்டுக்காரர் அதை நேராகக் கட்டுகிறார். நிலவறையில் வாடகைக்கு இருக்கும் மாணவன் வாடகையின் வழியாகக் கட்டுகிறான். கார்க்காரரோ, ஆண்டுதோறும் செலுத்திவந்த இலக்கத்தகட்டு ஒட்டிக் கட்டணத்தை 2022 மார்ச்சிலிருந்து செலுத்துவதில்லை. அதை ஒழித்தது இதே மாகாண அரசு. அதனால் ஆண்டுக்குச் சுமார் நூறு கோடி டொலர் வருமானம் போயிற்று. இந்நிலையில், யார் யாருடைய செலவில் வீதியில் போகிறார்கள் என்ற கணக்கைத் திறப்பது கார்க்காரருக்கு நல்லதன்று.

ஸ்காபரோவில் கார் இல்லாமல் வாழ முடியாது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். இரண்டு வேலை பார்ப்பவர், பிள்ளையை வகுப்புக்கு இறக்கிவிட்டு இரவுப் பணிக்கு ஓடுபவர், காரை விட்டு வேறெதை நம்புவார்? 1985 முதல் ஓடிய ஸ்காபரோ ரயில்பாதை, 2023 ஜூலை 24 அன்று ஒரு பெட்டி தடம்புரண்டபின் மீண்டும் ஓடவேயில்லை. அதன் இடத்தில் பேருந்து வந்தது. ஆகவே நம்மவர்களின் கோபம் நியாயமானது. அது போய்ச் சேரும் முகவரிதான் தவறு. ரயிலையும் பேருந்தையும் தராதவர்கள் மீது திரும்பவேண்டிய கோபத்தை, வீதியோரத்தில் ஒன்றரை மீற்றர் அகலத்தில் போய்க்கொண்டிருப்பவன்மீது திருப்பிவிட்டது இச்சட்டத்தின் சாமர்த்தியம். ஏழையை ஏழையோடு மோதவிடும் அரசியலை வேறு நாடுகளில், வேறு பெயர்களில் நாம் நன்றாகவே பார்த்திருக்கிறோம்.

நெதர்லாந்துக்காரருக்குச் சைக்கிள் பிறப்பிலேயே வந்தது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அந்நாட்டில் 1971இல் வீதிகளில் இறந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் நானூறுக்கும் அதிகமானோர் குழந்தைகள். குழந்தைக் கொலையை நிறுத்து என்ற முழக்கத்தோடு பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். இன்று நாம் படங்களில் கண்டு வியக்கும் பாதைகள் அந்தப் போராட்டத்துக்குப் பின்னர் வந்தவை. அங்கேயும் கடைக்காரர்கள் எதிர்த்தார்கள், கார்க்காரர்கள் எதிர்த்தார்கள். குழந்தைகளின் எண்ணிக்கையை முன்னால் வைத்தபின் வாதத்தின் திசை மாறியது.

*

சட்டத்தின் பெயருக்குத் திரும்புவோம். ‘உங்கள் நேரம்’ என்ற அந்த முன்னிலைக்குள், காரின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருப்பவர் மட்டுமே இருக்கிறார். உணவுப் பெட்டியோடு போகும் இளைஞன் அதில் இல்லை. யூனிவேர்சிற்றி அவெனியூவின் மருத்துவமனைகளில் இரவுப் பணி முடித்துச் சைக்கிளில் வீடு திரும்பும் தாதி அதில் இல்லை. காரிலிருந்து இறங்கிய மறுகணம் அதே ஓட்டுநரும் அதில் இல்லை. அவருடைய பிள்ளையும் இல்லை.

தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது ‘நாம்’. அவரை விலக்கி நிற்பது ‘நாங்கள்’. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லை, நம்மிடம் உண்டு. வீதியைப் பற்றிப் பேசும்போது நாம் எந்தச் சொல்லைக் கையாள்கிறோம்? ‘எங்கள் வீதியில் சைக்கிள்காரர் வந்துவிட்டார்கள்’ என்றா, ‘நம் வீதி’ என்றா?

வழக்கு எந்தப் படியில் எப்படி முடிந்தாலும் இக்கேள்வி முடியப்போவதில்லை. நீதிமன்றம் இருப்பதைக் காப்பாற்றலாம். இல்லாததை அமைத்துத் தராது. பேர்ச்மவுண்டுக்கு ஒரு தடத்தை எந்த நீதிபதியும் கொண்டுவரமாட்டார். அதை நாம்தான் கேட்கவேண்டும். நான்காண்டுக்கு ஒருமுறை மாநகரசபைத் தேர்தலின்போது தமிழ் வேட்பாளர்கள் நம் வாசலுக்கு வருகிறார்கள். மாகாணத் தேர்தலின்போதும் வருகிறார்கள். பொன்னாடை போர்த்துவதற்கு முன், ஒரு கேள்வியை அவர்கள் முன் வைப்போம்: எங்கள் வட்டாரத்தின் வீதியை யார் தீர்மானிப்பது, இங்கே வாழும் மக்களா, மாகாண அமைச்சரா? விடை சொல்லத் தயங்குபவருக்குப் பொன்னாடை வேண்டாம்.